நீ கேட்ட தவிட்டுக் கஞ்சி

என் கண்ணான தங்கச்சி சரசுவுக்கு,

நீ உயிரோடு இருந்த நாளில் உன்னை ஒரு தரம்கூட இப்படிக் கூப்பிட்டதில்லை. 'டீச்சரம்மா' என்றேன். 'வாங்க, உட்காருங்க' என்றேன். "உங்களைவிட ஆறு வயசு சின்னவ நான், பேர் சொல்லிக் கூப்பிடுங்கக்கா" என்று எத்தனை தடவை கேட்டாய். நான் கேட்கவில்லை. இப்போது கூப்பிடுகிறேன், திரும்பிப் பார்க்க நீ இல்லை.

நான் ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள். இதை எழுதி முடிக்க எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று. பத்திரிகைக்குக் கொடுக்கப் போகிறேன். பக்கத்து வீட்டு ரோசம்மா, "உன் வீட்டு அழுகைய எதுக்கு அஞ்சல ஊருக்கெல்லாம் போட்டுக் காட்டுற?" என்று கேட்டாள். ஊருக்குத் தெரியட்டும். மரியாதை செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு ஒருத்தியைச் சாகவிட்டவள் நான். என் மாதிரி இன்னொருத்தி இருந்தால் அவளாவது நிறுத்திக்கொள்ளட்டும்.

முதலில் சேதி சொல்கிறேன். ஜப்பான்காரன் போய்விட்டான். நீ போய் நாலு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் போய்விட்டான். வெள்ளைக்காரன் திரும்ப வந்து ரேஷன் அரிசி கொடுக்கிறான். வெள்ளை வெளேர் என்ற அரிசி. அதைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

சயாமிலிருந்து ரயில் வருகிறது. ரயில் பாதை போட ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போனவர்களில் கொஞ்சம் பேர் எலும்பும் தோலுமாக இறங்குகிறார்கள். நான் ஸ்டேஷனுக்குப் போய் ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறேன். என் மகள் பாக்கியத்தின் அப்பா இறங்கவில்லை. அவரோடு ஒரே வேகனில் போனவர் ஒருவரைப் பிடித்துக் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "இன்னும் ரயில் வரும்மா" என்று மட்டும் சொன்னார். அந்தப் பதிலுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

பாக்கியம் மறுபடியும் பேசுவதை நிறுத்திவிட்டாள் சரசு. தவிடு கலந்த எதையும் தொடுவதில்லை. ரேஷனில் வரும் அந்த வெள்ளைச் சோற்றை மட்டும் கொஞ்சம் தின்கிறாள். தினமும் காலையில் அவள் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறேன். முன்பு ஒரு தடவை அவளுக்குப் பேச்சைத் திருப்பிக் கொடுத்தவள் நீதான். இந்தத் தடவை நான் யாரிடம் போவேன்?

உனக்குத் தெரிந்ததைத்தான் சொல்லப் போகிறேன். ஆனாலும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்கே விளங்கும்.

அவளுடைய அப்பாவை வேகனில் ஏற்றிய அன்று நாங்கள் இரண்டு பேரும் ஸ்டேஷன் வேலிக்கு வெளியே நின்றோம். 'அப்பா' என்று கத்த அவள் வாயைத் திறந்தாள். சிப்பாய் திரும்பிப் பார்த்தான். நான் அவள் வாயைப் பொத்தினேன். ரயில் போன பிறகு கையை எடுத்தேன், வாயிலிருந்து சத்தம் வரவில்லை. அன்றைக்கும் வரவில்லை, அடுத்த மாதமும் வரவில்லை. அப்போது அவளுக்குப் பதினோரு வயது.

அப்போதுதான் வாசகசாலை மண்டபத்தில் நீ ஞாயிற்றுக்கிழமைகளில் பெண் பிள்ளைகளுக்கு நாட்டியம் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்திருந்தாய். உன் வீட்டுக்காரர் சண்டைக்கு முன்னால் தாயைப் பார்க்க ஊருக்குக் கப்பல் ஏறியவர். அதன் பிறகு கப்பலே இல்லை. பிரிக்பீல்ட்ஸில் ஒரு தையல்கடைக்குப் பின்னால் சின்ன அறையில் தனியாக இருந்தாய். உன் அம்மா ஊரில் கோயிலில் ஆடியவர் என்று எப்படியோ இங்கே தெரிந்துவிட்டது. குழாயடியில் பொம்பளைகள் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். ரோசம்மாகூட, "ஆட்டக்காரிகிட்டயா பிள்ளைய அனுப்பப் போற?" என்றாள்.

"ஆட்டக்காரின்னு சொல்லாத. டீச்சரம்மான்னு சொல்லு" என்றேன் நான். அந்த வார்த்தை அன்றைக்குப் பிடித்துக்கொண்டது. ஊர் உன்னைக் கீழே இறக்க இறக்க நான் மேலே ஏற்றினேன். அது தப்பா? அப்போது தப்பாகத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் பதினாலு பிள்ளைகள். பாக்கியம் எப்போதும் கடைசி வரிசை. ஐந்தாறு வாரம் கழித்து ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் என்னைத் தூணருகே கூப்பிட்டாய்.

"அக்கா, உங்க பொண்ணு திருடறா."

"எம்மவளா? எதைங்க டீச்சரம்மா?"

"அடியைத்தான். முன்னாடி நிக்கிற பிள்ளையோட காலைப் பார்த்துப் பார்த்துத் தன் காலை வைக்கிறா. காது கேக்கறதுக்குள்ள கண்ணு திருடிடுது. அதான் எப்பவும் அரை அடி பின்னாலயே விழுது." சிரித்துக்கொண்டே சொன்னாய். "கூட்டத்துல இதை மாத்த முடியாதுக்கா. பதினாலு பேர் மேலயும் என் கண்ணு ஓடணும். வாரத்துல ஒரு நாள் இவளை மட்டும் தனியா நிக்க வைக்கணும். திருட ஆள் இருக்கக் கூடாது."

"ஆட்டம் வராட்டிப் போகுதுங்க. பேச்சு வருமா?"

"அது எனக்குத் தெரியாதுக்கா. ஆனா அடவு பண்றவ தாளச் சொல்லைச் சொல்லிக்கிட்டேதான் பண்ணணும். காலு நேரத்துக்கு விழுந்தா வாயும் சேர்ந்து வந்தாலும் வரும்" என்றாய். பொய் நம்பிக்கை கொடுக்காத அந்தப் பேச்சினால்தான் நான் உன்னை நம்பினேன்.

புதன்கிழமை மத்தியானம் எங்கள் ரயில்வே குவாட்டர்ஸுக்கே வந்துவிடுகிறேன் என்றாய். கூலி ஒன்றும் வேண்டாம் என்றாய். நான் விடுவேனா? சும்மா கற்றால் வித்தை ஒட்டாது என்று சண்டை பிடித்து, வாரம் ஒரு பால் டின் அரிசி என்று நானே முடிவு செய்தேன். அரிசியைக் கண்ணால் காணாத காலம். ஊரே மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டிருந்தது. மண்டபத்துக்கு வந்த மற்ற தாய்மார்களும் உனக்குக் கிழங்குதான் கொண்டுவந்து வைத்தார்கள்.

எனக்கு நெல் எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியும். கிள்ளானில் தோட்டத்தில் இருக்கும் என் அண்ணன் கால்வாய் ஓரத்துச் சதுப்பில் யாருக்கும் தெரியாமல் நாலு பாத்தி நெல் போட்டிருந்தார். மாதம் ஒரு தரம் ரயிலில் போய், நெல்லைத் துணிப்பையில் தைத்து வயிற்றில் கட்டிக்கொண்டு, மேலே சேலையைச் சுற்றிக்கொண்டு வருவேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிப்பாய் முன்னால் முனகிக்கொண்டே நடப்பேன்.

ஒரு தடவை ஸ்டேஷன் ரோட்டில் நீயும் ரோசம்மாவும் எதிரே வந்தீர்கள். என் வயிற்றைப் பார்த்துவிட்டு நீ, "என்னக்கா, போன மாசந்தானே பெத்தீங்க? அதுக்குள்ளயா?" என்றாய்.

"ரெட்டைப் பிள்ளைங்க டீச்சரம்மா" என்றேன்.

"புருசன் சயாமுல, இவ மாசா மாசம் பெத்துத் தள்றா! போதும் வீட்டுக்குப் போ, நடுரோட்டுல கொட்டிடப் போற" என்று ரோசம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நாம் மூன்று பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். ஜப்பான்காரன் இருந்த அந்த மூன்றரை வருடத்தில் நான் அப்படிச் சிரித்தது அந்த ஒரு நாள்தான் என்று நினைக்கிறேன்.

புதன்கிழமைகளை நினைத்துப் பார்க்கிறேன். எங்கள் அடுப்படியின் சிமெண்டுத் தரையில் பாக்கியத்தைச் சுவரைப் பார்த்து நிறுத்துவாய். எதிரே சாம்பல் பூசிய சுவர், வேறொன்றும் கிடையாது. நீ கதவுக்குப் பின்னால் போய், அவள் கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்து, கட்டையில் கழியைத் தட்டுவாய். "என் கையைப் பார்க்காத. என் காலைப் பார்க்காத. சத்தம் மட்டுந்தான் உனக்கு" என்பாய்.

முதல் நாள் அவள் அசையவே இல்லை. இரண்டாவது புதன் அழுதாள். மூன்றாவது புதன் ஒரு காலைத் தூக்கி எங்கே வைப்பது என்று தெரியாமல் கொக்கு மாதிரி நின்றாள். நான் சேலை முனையைக் கடித்துக்கொண்டு நின்றேன். நீ கோபப்படவே இல்லை. கை ஓயாமல் தட்டிக்கொண்டே இருந்தாய்.

எத்தனையாவது புதன் என்று நினைவில்லை. நான் கொல்லையில் நெல் குத்திக்கொண்டிருந்தேன். உள்ளே உன் குரலோடு சேர்ந்து இன்னொரு குரல் கேட்டது. தகரத்தில் ஆணி உரசுகிற மாதிரி ஒரு குரல். "தையா தை. தையா தை." உலக்கையைப் போட்டுவிட்டு ஓடி வந்தேன். நீ கதவுக்குப் பின்னாலிருந்து விரலை உதட்டில் வைத்து என்னை வெளியே போகச் சொன்னாய். உன் கன்னமெல்லாம் நனைந்திருந்தது, கை மட்டும் தாளம் தப்பவில்லை.

அடுத்த மாதம் அவள் 'அம்மா' என்றாள்.

அதற்கு நான் உனக்கு என்ன செய்தேன்? அதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

நெல்லை ஒரு தரம் குத்தினால் உமி போகும். அரிசி செம்பட்டையாக இருக்கும். எங்களுக்கு அது போதும். டீச்சரம்மாவுக்கு அப்படிக் கொடுக்க முடியுமா? மறுபடியும் உரலில் போட்டுக் குத்துவேன். சலிப்பேன். மூன்றாம் தரம் குத்தித் தீட்டுவேன். முறத்தில் புடைத்து நொய்யைப் பொறுக்கி எடுத்து, முழு அரிசியாக, மல்லிகை மொட்டு மாதிரி ஆக்கித்தான் பால் டின்னில் நிரப்புவேன். பாக்கியம் என்னை 'அம்மா' என்று கூப்பிட்ட பிறகு நாலாவது தரமும் தீட்டினேன். என் உள்ளங்கையில் அந்த உலக்கைக் காய்ப்பு இன்னும் இருக்கிறது.

தீட்டி எடுத்த தவிடும் நொய்யும் எங்களுக்கு. அதில் மரவள்ளிக்கிழங்கைச் சீவிப் போட்டுக் கஞ்சி காய்ச்சுவேன். குட்டைத் தண்ணீர் நிறத்தில் இருக்கும். மிச்சத் தவிட்டை உருண்டை பிடித்து அடுப்பில் சுடுவேன். மாட்டுத் தீனி என்று ரோசம்மா சிரிப்பாள். அதைத்தான் நானும் பாக்கியமும் தின்றோம்.

நீ அந்தக் கஞ்சியைக் கேட்டாய் சரசு. என்னிடம் மூன்று தடவை கேட்டாய்.

முதல் தடவை, பாடம் முடிந்து வேர்வையைத் துடைத்துக்கொண்டே, "அக்கா, நானும் இங்கயே ஒரு வாய் கஞ்சி குடிச்சிட்டுப் போறேனே, தனியாப் போய் அடுப்பு மூட்டணும்" என்றாய்.

"ஐயய்யோ, இதையா? இது மனுசன் குடிக்கிறதே இல்லீங்க. உங்களுக்கு அரிசி எடுத்து வச்சிருக்கேன்" என்று பானையை மூடினேன்.

இரண்டாவது தடவை மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "வறுத்த வாசனை வருதே" என்றாய். அன்றைக்கும் மூடினேன். மூன்றாவது தடவை சிரிக்காமல் கேட்டாய். "ஏன்க்கா, உங்க பானையில நான் கை வைக்கக் கூடாதா? ஊர்ல சொல்ற மாதிரிதான் நீங்களும் நினைக்கிறீங்களா?"

நான் உன் காலைப் பிடிக்காத குறையாக, "அப்படியெல்லாம் இல்லீங்க, நீங்க எங்களுக்குச் சாமி மாதிரி" என்றேன். சாமிக்குத் தவிடு படைப்பார்களா? அதன் பிறகு நீ கேட்கவில்லை. என்னிடம் கேட்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

உன் கால் வீங்க ஆரம்பித்தது சலங்கையில்தான் முதலில் தெரிந்தது. கட்டுகிற வார் ஒரு துளை தள்ளிப் போயிற்று. பிறகு இரண்டு துளை. "சிமெண்டுத் தரைக்கா, தட்டித் தட்டி வீங்கிப் போச்சு" என்றாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். இத்தனை வருடமாகத் தட்டுகிற கால் வீங்காமல் என்ன செய்யும்? தரையில் கோணிச் சாக்கு விரித்தேன். உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தேன். ஒரு நாள் துணி சூடு தாங்காமல் என் விரலே கொப்பளித்துப் போயிற்று, உன் கால் அசையவில்லை. "சூடே தெரியலையேக்கா" என்றாய்.

அப்போதும் எனக்குத் தெரியவில்லை. ஆடிப் பழகிய கால், மரத்துப் போயிருக்கும் என்று நினைத்தேன். உலகத்தில் வேறு யாராக இருந்தாலும் அது நோய் என்று நினைத்திருப்பார்கள். நாம் இரண்டு பேரும் அதை நாட்டியம் என்று நினைத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை நீ நாற்காலியில் உட்கார்ந்து தட்ட, பாக்கியம் முன் வரிசையில் நின்று மற்றப் பிள்ளைகளுக்கு ஆடிக் காட்டினாள். யார் காலையும் பார்க்காமல் ஆடினாள். "பார்த்தீங்களாக்கா, இப்ப இவகிட்ட மத்ததெல்லாம் திருடுது" என்று என் காதில் சொன்னாய். பெருமை தாங்காமல் அந்த வாரம் இரண்டு டின் அரிசி கொடுத்தேன். உடம்பு சரியில்லாதவள் நல்லதாகத் தின்னட்டும் என்று இன்னும் ஒரு தரம் தீட்டிக் கொடுத்தேன்.

ஒரு புதன்கிழமை நீ வரவில்லை. நானும் பாக்கியமும் உன் அறைக்கு வந்தோம். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். நாலு தெரு ஓடி வந்தவள் மாதிரி மூச்சு வாங்கியது. "மாடி ஏறினேனாக்கா, அதான்" என்றாய். உன் அறைக்கு மாடியே கிடையாது. பாக்கியத்தைப் பார்த்து, "இன்னிக்குப் பாடம் விட்டுப் போச்சேடி, எங்கே சொல்லு பார்ப்போம்" என்றாய். அவள் "தையா தை" என்று ஆரம்பித்தாள். நீ விரலால் தரையில் தட்டினாய். பாதியில் விரல் நின்றுவிட்டது. அவள் உன் விரலைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று நீ சொல்லிக் கொடுத்ததனால் சுவரைப் பார்த்துக்கொண்டு முடிக்கிற வரைக்கும் ஆடினாள்.

உன் அறையில் மண்பானை நிறைய அரிசி இருந்தது. வெள்ளை அரிசி. எங்களுக்கு நல்ல நாளில் சோறாக்கிப் போட என்று நீ பாதியை எடுத்து வைத்திருந்தாயாம். தையல்கடைக்காரர் மனைவி சொன்னாள். அந்த அரிசியைத்தான் உனக்கு வாய்க்கரிசியாகப் போட்டோம்.

ஜப்பான்காரன் போன பிறகு ரோசம்மாவுக்குக் கால் வீங்கியது. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் முன்னால் பெரிய வரிசை. நானும் பாக்கியமும் துணைக்குப் போனோம். டிரஸ்ஸர் ரோசம்மா கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.

"பெரிபெரி. என்ன சாப்பிடுற?"

"கிழங்குதான் ஐயா. அதுக்கு மேல என்னத்தச் சாப்பிட்டோம்?"

"தவிடு கிடைக்குமா? தவிட்டைக் கஞ்சி வச்சுக் குடி, சரியாப் போயிடும். கிழங்கிலயும் இல்ல, தீட்டின அரிசியிலயும் இல்ல. எல்லாச் சத்தும் அந்தத் தவிட்டுலதான்."

ரோசம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "மாட்டுத் தீனின்னு சிரிச்சேன் பாரு" என்றாள். டிரஸ்ஸரிடம் கேட்டேன். "ஐயா, ஒருத்தங்க வெறும் வெள்ளைச் சோறும் கிழங்குமே சாப்பிட்டாங்க. காலு வீங்கி, சூடு தெரியாம, கடைசில மூச்சு வாங்கினா?"

"அதேதான். தவிடு குடுத்திருந்தா பொழைச்சிருப்பாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவருக்குத் தெரியாது, அவர் யாரிடம் சொன்னார் என்று.

பாக்கியம் என் பக்கத்திலேயே நின்றாள். எல்லாவற்றையும் கேட்டாள். வரும் வழியில் ரயில் கேட் மூடியிருந்தது. நிற்கும்போது அவள் சொன்னாள்:

"டீச்சர் என்கிட்டயும் கேட்டாங்கம்மா. நீ குழாயடிக்குப் போயிருந்தப்ப. 'ஒரு உருண்டை குடேன் பாக்கியம், அம்மாகிட்டச் சொல்ல மாட்டேன்'னாங்க. நீ திட்டுவேன்னு நான் டப்பாவை மூடிட்டேன்."

அதுதான் கடைசி. அதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. அன்று சாயங்காலம் தவிட்டுக் கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றி வைத்தேன். தள்ளி வைத்தாள். இன்று வரைக்கும் தள்ளி வைக்கிறாள். உனக்குக் கொடுக்காததைத் தான் தின்னக் கூடாது என்று நினைக்கிறாளா? எனக்குத் தெரியவில்லை. சொன்னால்தானே தெரியும்.

"நீ மூடலடி, மூடச் சொன்னவ நான். பாவம் என்னோடது" என்று அவளிடம் தினமும் சொல்கிறேன். கேட்கிறாள். சுவரைப் பார்க்கிறாள். ஒரு தடவை அவள் வாயைக் கையால் பொத்தினேன், இன்னொரு தடவை மரியாதையால் பொத்தினேன். இரண்டையும் பிள்ளையைக் காப்பாற்றுவதாக, உன்னைக் கௌரவிப்பதாக நினைத்துத்தான் செய்தேன். இதை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

மண்டபம் பூட்டிக் கிடக்கிறது. உள்ளே யாரோ சாமான் அடுக்கி வைத்திருக்கிறார்கள். பதினாலு பிள்ளைகளில் மூன்று பேர் செத்துப்போனார்கள், மற்றவர்கள் திசைக்கு ஒன்றாகிவிட்டார்கள். உன் வீட்டுக்காரர் கப்பலில் வருவாரா என்று தெரியவில்லை. வந்தால் அவரிடம் நானே சொல்வேன். உன் சலங்கையைத் துணியில் முடிந்து வைத்திருக்கிறேன். வார் கடைசித் துளையில் அப்படியே இருக்கிறது.

உன் கழியும் கட்டையும் எங்கள் வீட்டில்தான் இருக்கின்றன. புதன்கிழமை மத்தியானம் ஆனால் பாக்கியம் தானாகவே போய்ச் சுவரைப் பார்த்து நிற்கிறாள். அதனால் நான் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து தட்டுகிறேன். எனக்குத் தாளம் தெரியுமா? உலக்கை பிடிக்கத் தெரியும், அவ்வளவுதான். அந்த ஒரு 'தையா தை'தான் எனக்குத் தெரியும். தட்டுகிறேன், கேட்கிறேன். கால் சத்தம் வரவில்லை. எட்டுப் புதன் ஆயிற்று.

போன புதன் கை ஓய்ந்து போயிற்று. கழியைக் கீழே வைத்துவிட்டு, கதவுக்குப் பின்னாலிருந்து, உன் மாதிரி, நீ கேட்டதை நான் கேட்டேன். "ஒரு வாய் கஞ்சி குடேன் பாக்கியம், பசிக்குது."

பிறகு கிண்ணம் நகரும் சத்தம் கேட்டது. அவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கதவைச் சுற்றி வந்தாள். என் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, அந்தக் குட்டைத் தண்ணீர்க் கஞ்சியை என் வாயில் வைத்தாள். கிண்ணம் காலியாகும்வரை வைத்துக்கொண்டே இருந்தாள். ஒரு சொட்டு அவள் குடிக்கவில்லை. கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு மறுபடியும் போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள்.

இன்று காலை அவள் கணுக்காலை அழுத்தினேன். குழி விழுந்த மாதிரியும் இருந்தது, விழாத மாதிரியும் இருந்தது. மறுபடி அழுத்திப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

நாளைக்குப் புதன்கிழமை. உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். எங்கள் வீட்டில் இனி யாருக்காகவும் அரிசி தீட்ட மாட்டேன். உனக்குப் படைக்கிற நாளிலும் வெள்ளைச் சோறு வைக்க மாட்டேன், நீ கேட்ட கஞ்சியைத்தான் வைப்பேன். பாக்கியம் ஆடுவாள் என்றோ பேசுவாள் என்றோ நான் சொல்லவில்லை, அந்த நம்பிக்கை எனக்கு இல்லை. ஆனால் ஒவ்வொரு புதனும் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து உன் பசிக்காக நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். அவள் கொடுத்துக் கொடுத்துக் கடன் தீர்ந்து, மிச்சமிருக்கும் ஒரு வாயைத் தான் குடிக்கிற வரைக்கும் கேட்பேன்.

உன் பேரைச் சொல்லிக் கூப்பிட இவ்வளவு காலம் எடுத்துக்கொண்ட,
உன் அக்கா
அஞ்சலை